பேரைக் கழட்டி எறிய முடியுமா? - விண்வெளிக் கொள்ளையும் கெட்ட பேரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கம்ப்யூட்டர் கேம்னா சின்னப் பசங்க சமாச்சாரம்னு நினைக்கிறவங்களும் கொஞ்சம் பொறுத்துப் படிங்க மக்களே. இது சுடுற கதை இல்லை. ஆயிரக்கணக்கான அந்நியர்களை ஒரே இடத்துல கொண்டு போய் விட்டா என்ன ஆகும், அங்கே திருடினவனை என்ன செய்யறது, நம்பத் தகுந்தவனை எப்படிக் கண்டுபிடிக்கறது - இந்தக் கேள்விகளுக்கு நாப்பது வருஷமா சில பேர் விடை எழுதி, அழிச்சு, மறுபடி எழுதின கதை.

இந்த வரலாற்றைத் தோண்டினதுல எனக்குப் பிடிபட்டது ஒண்ணே ஒண்ணுதான். தண்டனை எவ்வளவு பெருசுங்கறது அவ்வளவு முக்கியமில்லை. செஞ்ச காரியம் செஞ்சவன் பேரோட ஒட்டுதா, இல்லை கழண்டு விழுதா? அதுதான் முக்கியம். இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் தோத்தது அந்த இடத்துலதான். கொஞ்சமாவது ஜெயிச்சதும் அங்கேதான்.

ஒரு பைட் போலீஸ்

1984 செப்டம்பர். டேவிட் ப்ரேபன், இயான் பெல்னு ரெண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதின 'எலீட்' வெளியாச்சு. பிபிசி மைக்ரோன்னு ஒரு கம்ப்யூட்டர், மொத்த நினைவகமே 32 கிலோபைட். அதுக்குள்ள எட்டு கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 நட்சத்திர மண்டலங்கள். 100 க்ரெடிட்டும் ஒரு ஓட்டைக் கப்பலும் குடுத்து, பொழச்சுக்கோன்னு விட்டுடுவாங்க. உணவு, துணின்னு யோக்கியமா வியாபாரம் பண்ணலாம். போதைப்பொருள், ஆயுதம், அடிமைகள்னு கடத்தலும் பண்ணலாம். வழியில போற சரக்குக் கப்பலை அடிச்சுப் பிடுங்கவும் செய்யலாம்.

இந்தக் குற்றத்தையெல்லாம் ஆட்டம் ஒரே ஒரு பைட்ல எழுதி வெச்சுக்கும். அந்த எண்ணைப் பொறுத்து நீங்க 'க்ளீன்', 'அஃபெண்டர்', 'ஃப்யூஜிடிவ்' மூணுல ஒண்ணு. எண் ஏற ஏற போலீஸ் கப்பல்கள் உங்களைத் தேடி வரும். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். நல்லவனா இருக்கறதும் கெட்டவனா இருக்கறதும் ஆடுறவன் இஷ்டம், ஆனா கணக்கு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆனா அந்தக் கணக்கு எப்படிக் குறையும்னு பாருங்க. ஒவ்வொரு தடவை இன்னொரு நட்சத்திரத்துக்குத் தாவும்போதும் அந்த எண் பாதியாகும். நாலு தாவல் தாவினா பதினாறுல ஒரு பங்கு! அதை விட சுலபமான வழி ஒண்ணும் இருந்தது. 1000 க்ரெடிட் குடுத்து ஒரு தப்பிக்கும் கூண்டு வாங்கி வெச்சுக்கணும். போலீஸ் நெருக்கினா அதுல ஏறிக் குதிச்சிடலாம். சரக்கு போயிடும், ஆனா குற்றக் கணக்கு பூஜ்யம். நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு மறுவாரமே மச்சான் பேர்ல கடை போடறது ஞாபகம் வருதா? அதேதான் :-)

எலீட்ல இது யாரையும் உறுத்தலை. காரணம், அது ஒத்தை ஆள் ஆட்டம். கொள்ளை போன கப்பல்ல நிஜமா யாருமே இல்லை. பாதிக்கப்பட்டவன்னு ஒருத்தன் இல்லாத உலகத்துல மன்னிப்பு மலிவாத்தான் கிடைக்கும்.

பாதிக்கப்பட்டவன் வந்து சேர்ந்தான்

1997-ல 'அல்டிமா ஆன்லைன்' வந்தது. இது விண்வெளி இல்லை. வாள், மந்திரம், கோட்டைன்னு போற உலகம். ஆனா பின்னாடி வந்த விண்வெளி ஆட்டங்கள் சந்திச்ச சிக்கலையெல்லாம் முதல்ல பெரிய அளவுல பட்டு அனுபவிச்சது இதுதான், அதனால ஒதுக்க முடியாது. ஒரே உலகத்துல ஆயிரக்கணக்கான நிஜ மனுஷங்க. நகரத்தை விட்டு வெளிய காலை வெச்சா யாராவது வெட்டிட்டு மூட்டையைப் பிடுங்கிக்குவாங்க.

ராஃப் கோஸ்டர் தலைமையில வடிவமைச்சவங்க, 1998 வாக்குல பேருக்குக் கலர் அடிச்சாங்க. அப்பாவின்னா நீலம், குற்றவாளின்னா சாம்பல், கொலைகாரன்னா சிவப்பு. செத்தவனுக்கு ஒரு கேள்வி வரும்: உன்னைக் கொன்னவனைக் கொலைகாரன்னு புகார் பண்ணணுமா? அஞ்சு புகார் சேர்ந்தா பேர் சிவப்பு. தண்டனையில பாதிக்கப்பட்டவனுக்கும் ஒரு பங்கு குடுத்தது நல்ல யோசனைதான்.

பிரச்சனை எங்கே வந்ததுன்னா, 40 மணி நேரம் ஆட்டத்துல இருந்தா ஒரு கொலைக் கணக்கு கழியும். 'இருந்தா' போதும், எதுவும் செய்ய வேண்டாம். ஆளுங்க என்ன பண்ணாங்க? பாத்திரத்தை ஒரு மூலையில நிக்க வெச்சு, கம்ப்யூட்டரை ஓடவிட்டுட்டுத் தூங்கப் போயிட்டாங்க. கரெண்ட் பில்தான் பிராயச்சித்தம்.

கடைசியில 2000-ல உலகத்தையே ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதியில அனுமதி இல்லாம யாரையும் அடிக்க முடியாது. மற்ற பாதி பழையபடி. கூட்டம் எந்தப் பக்கம் போச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொள்ளைக்காரங்களுக்கு ஆள் கிடைக்கலை. மிச்சம் இருந்தவங்களுக்கு அலுத்துப் போச்சு. குற்றமே நடக்க முடியாத இடத்துல நல்லவன்ங்கற பேருக்கும் மதிப்பு இல்லைன்னு அப்போதான் உறைச்சது.

ஐஸ்லாந்துக்காரங்க வந்தாங்க

2003 மே மாசம், ரெய்க்யாவிக் நகரத்துல இருந்து சிசிபி நிறுவனம் 'ஈவ் ஆன்லைன்' ஐ வெளியிட்டது. பல ஆயிரம் நட்சத்திர மண்டலங்கள், எல்லாரும் ஒரே உலகத்துல. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண். 1.0-ல இருந்து 0.5 வரைக்கும் நாகரிகமான பேட்டை. அங்கே யாரையாவது காரணமில்லாம அடிச்சா 'கான்கார்ட்' ங்கற போலீஸ் வந்து உங்க கப்பலை உடைக்கும். 0.4-ல இருந்து 0.1 வரைக்கும் கான்கார்ட் வராது. ஆனா பேர் கெடும். 0.0-ல அதுவும் இல்லை, யார் வலுவோ அவன் சட்டம். அல்டிமாவுல ரெண்டா வெட்டின உலகத்தை இவங்க ஒரு சரிவா மாத்தினாங்க. ஆபத்து ஏற ஏற லாபமும் ஏறும்.

ஆளுக்கும் ஒரு எண் உண்டு, மைனஸ் 10-ல இருந்து பிளஸ் 10 வரை. மைனஸ் 2-க்குக் கீழ போனா 1.0 மண்டலத்துல கடற்படை துரத்தும். மைனஸ் 5-க்குக் கீழ போனா யார் வேணும்னாலும் எங்கே வேணும்னாலும் உங்களைச் சுடலாம், கேள்வி கிடையாது.

இதுல கவனிக்க வேண்டியது, கான்கார்ட் யாரையும் காப்பாத்தாது. அது நடந்த பிறகு வந்து பழி வாங்கும், அவ்வளவுதான். அது வந்து சேரும் அந்த சில வினாடிக்குள்ள உங்க கப்பலை உடைச்சிட்டா போதும். உடைஞ்சதுல சிதறின சரக்கைக் கூட்டாளி வந்து அள்ளிக்குவான். அடிச்சவனுக்கு ஒரு மலிவான கப்பல் நஷ்டம்.

அந்த நஷ்டமும் முழுசா இல்லைங்கறதுதான் வேடிக்கை. 2011 கடைசி வரைக்கும், கான்கார்ட் உடைச்ச கப்பலுக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்துக்கிட்டிருந்தது! போலீஸ் என்கவுண்டர்ல போன வண்டிக்கு க்ளெய்ம் குடுக்கற கம்பெனி உலகத்துல வேற எங்கே இருக்கும்? 2009-ல இருந்து சுரங்கக் கப்பல்களைக் குறி வெச்சு 'ஹல்கெடன்' னு ஒரு வேட்டைத் திருவிழாவையே பரிசோட நடத்தினாங்க. 2011 நவம்பர்ல வந்த 'க்ரூசிபிள்' பதிப்புலதான் அந்த இன்சூரன்ஸை நிறுத்தினாங்க. அப்பவும் வேட்டை நிக்கலை. 2012 ஏப்ரல்ல கூன்ஸ்வார்ம் கூட்டம், பாதுகாப்பு எண் 0.9 இருந்த ஜிட்டாங்கற பெரிய சந்தையையே முற்றுகை போட்டு, வர்ற போற சரக்குக் கப்பல்களை அடிச்சுது. தண்டனை எவ்வளவுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா அது தண்டனை இல்லை மக்களே, விலை. லாபம் அதை விடப் பெருசா இருந்தா மனுஷன் அந்த விலையைக் கட்டிட்டுப் போயிடுவான்.

மெஷின் பார்க்காத திருட்டு

இதை விடப் பெரிய ஓட்டை இன்னொண்ணு. கான்கார்ட் எண்ணினது சுட்ட குண்டைத்தான். நம்பிக்கைத் துரோகத்தை அதால எண்ண முடியலை.

2005-ல கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்னு ஒரு கூலிப்படைக் கூட்டம், காசு வாங்கிக்கிட்டு இன்னொரு நிறுவனத்துக்குள்ள ஊடுருவுச்சு. பல மாசம் கூடவே வேலை பார்த்து, நம்பிக்கை சம்பாதிச்சு, பெரிய பொறுப்புல உட்கார்ந்து, ஒரு நாள் மொத்த கிடங்கையும் காலி பண்ணிட்டு தலைவரையும் கொன்னாங்க. ஏறத்தாழ 3,000 கோடி ஐஎஸ்கே (அந்த ஆட்டத்துப் பணம்). அப்போ டாலர்ல 16,500ன்னு கணக்குப் போட்டாங்க. விதி எதுவும் மீறலைன்னு நிறுவனம் கை விரிச்சிடுச்சு.

2009-ல இன்னொண்ணு. ஆட்டக்காரங்களே நடத்தின ஈபேங்க்ங்கற வங்கியில, நிர்வாகத்துல இருந்த ஒருத்தர் சுமார் 20,000 கோடி ஐஎஸ்கே எடுத்து நிஜப் பணத்துக்கு வித்துட்டார். போட்டவங்க எல்லாம் பணத்தை எடுக்க ஓடினாங்க. அவரை ஆட்டத்தை விட்டு நீக்கினாங்க. ஆனா திருடினதுக்கு இல்லை, நிஜக் காசுக்கு வித்ததுக்கு! திருட்டு மட்டும் பண்ணிட்டு சும்மா இருந்திருந்தா அவர் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி கூட விழுந்திருக்காது.

அப்போ ஆட்டக்காரங்க என்ன செஞ்சாங்க? ஊர் செய்யறதைத்தான் செஞ்சாங்க. யார் யாரை எங்கே கொன்னாங்கன்னு அவங்களே தனியா பதிவேடு நடத்தினாங்க. புதுசா சேர வர்றவன்கிட்ட பழைய கணக்கு வழக்கெல்லாம் காட்டச் சொன்னாங்க. யாரோட கூட்டாளின்னு துருவினாங்க. இன்னொரு அருமையான ஏற்பாடும் தானா வளர்ந்தது. ரொம்பப் பெரிய போர்க்கப்பல்களைப் பல வருஷம் நிலையத்துக்குள்ள நிறுத்த முடியாது, அதனால ஆட்டத்தோட ஒப்பந்த முறையில விக்கவும் முடியாது. கையில காசு குடுத்துட்டு அவன் கப்பலைத் தருவானான்னு பார்த்துக்கிட்டு நிக்கணும். அதனால ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு காசையும் கப்பலையும் வாங்கிக் கை மாத்தி விடற நடுவர்கள் வந்தாங்க. அவங்களுக்கு கமிஷன். நினைச்சா ஒரே நாள்ல எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு ஓடியிருக்கலாம். பேர் பெற்ற நடுவர்கள் வருஷக்கணக்கா ஓடாம நின்னாங்க. ஏன்னா அந்தப் பேர் தினமும் சோறு போட்டுது. நல்ல பேர்ங்கறது எண் இல்லை, அது ஒரு சொத்து. கெட்டா நஷ்டப்படற அளவுக்கு சேர்த்து வெச்சிருந்தாதான் அது வேலை செய்யும்.

புதுசா வந்தவன் கட்டுற வரி

இங்கே ஒரு ஆராய்ச்சியைச் சொல்லணும். எரிக் ஃப்ரீட்மன், பால் ரெஸ்னிக் ரெண்டு பேரும் 2001-ல மலிவான புனைபேர்கள் சமூகத்துக்கு வைக்கிற செலவைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. சாரம் ரொம்ப எளிமை. பேரை மாத்திக்க காசு ஆகாதுன்னா, கெட்ட பேர் எடுத்தவன் எல்லாம் புதுப் பேர்ல வருவான். அப்போ புதுசா வர்ற எல்லாரையும் சந்தேகப்பட்டே ஆகணும். அயோக்கியன் ஏற்படுத்தின செலவை யோக்கியமான புது ஆள் கட்டணும்.

ஈவ்ல இது கண்கூடா நடந்தது. கெட்டுப் போன பாத்திரத்தை அழிச்சிட்டு புதுசு உருவாக்கித் தப்பிக்கறது விதிமீறல்னு வெச்சாங்க. ஆனா ஒருத்தரே ரெண்டு மூணு பாத்திரம் வெச்சுக்கலாம். அழுக்கு வேலைக்கு ஒண்ணு, வெள்ளை வேட்டிக்கு ஒண்ணு. விளைவு, நிஜமாவே நேத்து சேர்ந்த பையனை ஒரு நல்ல கூட்டமும் உள்ளே விடத் தயங்கும். உளவாளியோன்னு.

இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வரலை. இங்கிலாந்துக்கு எம்.எஸ்ஸி படிக்க வந்து வீடு தேடினப்போ ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, இந்த நாட்டுல உனக்கு ஜாமீன் நிக்க யார் இருக்கா? யாரும் இல்லைன்னா ஆறு மாச வாடகையை முன்கூட்டியே கட்டு. ஊர்ல அப்பாவுக்கு மளிகைக் கடை நோட்டுல ஒரு மாசம் பாக்கி விழுந்தது கிடையாது, ஒரே பேங்க்ல இருபது வருஷக் கணக்கு. அந்தப் பேர் எதுவும் விமானம் ஏறி வரலை. கடன் வாங்கி ஏமாத்தினவனுக்கும் கடனே வாங்காதவனுக்கும் அவங்க கம்ப்யூட்டர்ல பெரிய வித்தியாசம் இல்லை. புலம்பலா சொல்லலை, அந்த ஏஜென்ட்டை ஏற்கனவே யாரோ ஏமாத்தியிருப்பான். ஓடிப் போன எவனோ வெச்சிட்டுப் போன பாக்கியைத்தான் நாம முன்பணமா கட்டறோம்.

பழைய ஐஸ்லாந்தும் 2012-ம்

2012 டிசம்பர்ல 'ரெட்ரிபியூஷன்' பதிப்புல ஈவ் தன் சட்டத்தையே திருப்பி எழுதுச்சு. திருட்டு மாதிரி சின்னக் குற்றத்துக்கு 'சந்தேக நபர்' முத்திரை. கால் மணி நேரம் யார் வேணும்னாலும் அடிக்கலாம். பெரிய குற்றத்துக்கு கான்கார்ட். பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு 'கொல்லும் உரிமை' முன்னாடியே கிடைச்சுக்கிட்டிருந்தது. ஆனா கப்பல் இழந்த சுரங்கக்காரன் கொள்ளைக்காரனைப் போய் எங்கே அடிக்கறது? புது விதியில அந்த உரிமையை விலை வெச்சு மற்றவங்களுக்குத் திறந்து விடலாம்னு ஆக்கினாங்க. வலுவில்லாதவன் கையில இருந்த வழக்கை வலுவுள்ளவன் காசு குடுத்து எடுத்துக்கலாம்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு தேடினா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஐஸ்லாந்து! 930-ல ஆல்திங்ங்கற சபை கூடினதுல இருந்து 1262-ல நார்வே அரசனுக்கு அடங்கற வரைக்கும் அங்கே ராஜாவும் இல்லை, போலீஸும் இல்லை. சபை தீர்ப்பு சொல்லும், நிறைவேத்த ஆள் கிடையாது. சின்னக் குற்றத்துக்கு மூணு வருஷம் நாடு கடத்தல். பெரிய குற்றத்துக்கு முழு விலக்கு. அவனை யார் கொன்னாலும் கேள்வி இல்லை. பாதிக்கப்பட்டவன் ஏழைன்னா தன் வழக்கையே இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கலாம். பொருளாதார அறிஞர் டேவிட் ஃப்ரீட்மன் 1979-ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். சிசிபி ஆளுங்க தாத்தா கதையைப் பார்த்து எழுதினாங்கன்னு நான் ஜல்லியடிக்கலை. போலீஸ் இல்லாத இடத்துல நியாயம் தேடினா மனுஷன் திரும்பத் திரும்ப இதே வாசலுக்குத்தான் வந்து சேர்றான்னு தோணுது.

ஆனா மறுவருஷமே, 2013-ல, கெட்டுப் போன எண்ணைக் காசும் சில முத்திரைகளும் குடுத்து ஏத்திக்கலாம்னு ஒரு கதவையும் திறந்து வெச்சாங்க. பரிகாரத்துக்கும் ரேட் போட்டாச்சு.

கப்பலா, ஆளா?

2014-ல ப்ரேபன் மறுபடி வந்தார், 'எலீட் டேஞ்சரஸ்' ஓட. இப்போ உள்ளே நிஜ மனுஷங்க. ஆனா பழைய எலீட் குணம் போகலை. கோடிக்கணக்குல தலைக்கு விலை இருக்கறவன், மலிவான சைட்வைண்டர் கப்பலுக்கு மாறி, நண்பன் கையால சாவான். போனது ஒரு ஓட்டைக் கப்பல், அதோட குற்றமும் போச்சு. முப்பது வருஷம் கழிச்சும் அதே தப்பிக்கும் கூண்டு!

2018 பிப்ரவரியில வந்த 3.0 பதிப்புல இதைச் சரி பண்ணாங்க. தலைக்கு வெச்ச விலை, குற்றம் செஞ்ச கப்பலோட ஒட்டிக்கும். கொலைகாரன்ங்கற கெட்ட பேர், பூஜ்யத்துல இருந்து 10 வரை, ஆளோட ஒட்டிக்கும். அந்த எண் பூஜ்யமாகற வரைக்கும் அபராதம் கட்டித் தீர்த்துக்க முடியாது. நான் தேடிக்கிட்டிருந்த ஒட்டுதல் இதுதான். ஆனா எண் எப்படிக் குறையும்? ஆட்டத்துக்குள்ள ரெண்டு மணி நேரம் இருந்தா ஒண்ணு. மறுபடி தூங்கற பிராயச்சித்தம். வரலாறு படிக்கலைன்னா இப்படித்தான்.

'ஸ்டார் சிட்டிசன்' 2020-ல வேற மாதிரி யோசிச்சது. பிடிபட்டா க்ளெஷர்னு ஒரு ஜெயில். உள்ளே பாறை வெட்டி சம்பாதிச்சா தண்டனை நாள் குறையும். இல்லைன்னா சுரங்கம் வழியா தப்பிச்சுப் போகலாம். இங்கே பிராயச்சித்தத்துக்கு உழைப்பு கேட்டாங்க.

அப்போ எப்படி இருக்கணும்?

நாப்பது வருஷக் கதையில நான் எடுத்துக்கிட்டது நாலு. ஒண்ணு, குற்றம் கப்பலோடயோ பாத்திரத்தோடயோ மட்டும் இல்லாம ஆளோட ஒட்டணும். ரெண்டு, பாதிக்கப்பட்டவன் கையில ஏதாவது ஒரு உரிமை இருக்கணும், அதை வலுவுள்ளவனுக்கு மாத்திக் குடுக்கவும் முடியணும். மூணு, கெட்ட பேர் கழியறதுக்கு வழி இருந்தே ஆகணும், ஆனா அது தூக்கத்தாலயும் காசாலயும் இல்லை, வேலையால கழியணும். நாலு, மெஷின் சுட்ட குண்டை எண்ணட்டும். யாரை நம்பறதுங்கறதை மனுஷங்க நினைவுக்கே விட்டுடணும். நம்பிக்கையை எண்ணா மாத்தினா, அந்த எண்ணை ஏத்தறதுக்குன்னே ஒரு கூட்டம் கிளம்பிடும்.

இதுல மூணாவதுதான் எனக்கு இன்னும் முழுசா பிடிபடலை. பேர் ரொம்ப ஒட்டினா, திருந்த நினைக்கிறவனும் திருந்த மாட்டான். மைனஸ் பத்துக்குப் போனவன் இனி என்ன கெடப் போகுதுன்னு இருப்பான். லேசா கழண்டா, நேத்து வந்தவன் ஆறு மாச முன்பணம் கட்டணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கேங்கறதுக்கு எந்த ஆட்டமும் இதுவரை சரியான விடை சொல்லலை. நிஜ ஊரும் சொன்ன மாதிரி தெரியலை.

உங்க ஊர்ல, உங்க தெருவுல கெட்ட பேர் எடுத்து, திரும்ப நல்ல பேர் வாங்கின ஆள் யாராவது உண்டா? எத்தனை வருஷம் ஆச்சு, எதைச் செஞ்சு வாங்கினார்? பேர் போடாம பின்னூட்டத்துல சொல்லுங்க. விடை அங்கேதான் இருக்கும்னு தோணுது.